ஜிம்மில் ஐந்து நாள், தட்டில் ஒரு துண்டு மீன்

வாசகர் கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வயது 23, உயரம் 171 சென்டிமீட்டர், எடை 53 கிலோ. பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். இரண்டு மாதமாக வாரத்துக்கு ஐந்து நாள் ஜிம்முக்குப் போகிறேன். ஒருநாள் நெஞ்சு, ஒருநாள் கை, ஒருநாள் தோள் என்று செய்கிறேன். எடை அரை கிலோகூட ஏறவில்லை. ஜிம்மில் 280 வெள்ளிக்கு எடை கூட்டும் பொடி ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். ஒரு நண்பர் ஊசி போட்டால் மூன்று மாதத்தில் உடம்பு ஏறும் என்கிறார். முட்டையும் கோழியும் அதிகம் சாப்பிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று அப்பா பயமுறுத்துகிறார். அவருக்குப் பத்து வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு). அடுத்த ஆண்டு அக்கா கல்யாணம், அதற்குள் சட்டை நிறைகிற மாதிரி உடம்பு வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். 48 நாள் விரதத்தில் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடுமா? ஒருநாள் சாப்பாட்டை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, அந்த ஒருநாள் சாப்பாட்டுக் கணக்கை அனுப்பியதற்கு முதலில் நன்றி. கேள்விக்கான விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. காலையில் வெறும் கோப்பி. பத்து மணி ஓய்வில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். மதியம் கேண்டீனில் சோறு, ஒரு துண்டு மீன், முட்டைக்கோஸ் பிரட்டல். சாயங்காலம் மைலோவும் நாலு பிஸ்கட்டும். இரவு வீட்டில் சோறு, சாம்பார், கூட்டு, ஒரு முட்டை. நான் கூட்டிப் பார்த்ததில் இது சுமார் 2,000 கலோரி, 55 கிராம் புரதம். உங்கள் உயரத்துக்கும் எடைக்கும், நின்றபடி பார்க்கிற வேலைக்கும், ஜிம்முக்கும் சேர்த்து, இருக்கிற எடை அப்படியே நிற்கவே 2,300, 2,400 கலோரி தேவைப்படும். எடை ஏற வேண்டுமானால் அதற்கு மேலே இன்னும் 300 சேர்த்து 2,700 வரை போக வேண்டும். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் 85 கிராம் வருகிறது. நீங்கள் 60 கிலோவை நோக்கிப் போகிறவர், அதனால் 85-க்கும் 95-க்கும் நடுவில் வைத்துக்கொள்வோம்.

அதாவது உங்கள் பயிற்சியில் முயற்சிக்குக் குறைவே இல்லை. தட்டில்தான் குறை. பாயான் லெப்பாசில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, பாலம் தாண்டி வந்து, வயிற்றில் கோப்பியோடும் பிஸ்கட்டோடும் பளு தூக்குகிற பிள்ளைகளை இங்கே நிறையப் பார்க்கிறேன். எல்லாரும் இன்னும் ஒரு செட் அதிகமாகச் செய்யலாமா என்றுதான் கேட்கிறார்கள். சாப்பாட்டைச் சரிசெய்யாமல் பயிற்சியைக் கூட்டினால் உடம்பு இன்னும் வற்றும்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நமக்குச் சாப்பாடு என்றால் சோறு. மீனும் கறியும் முட்டையும் சோற்றை இறக்குவதற்கான துணை. மூன்று விரல் அகலத்தில் ஒரு துண்டு மீன், அதைச் சுற்றி ஒரு மலைச் சோறு, மேலே நாலு வகைக் குழம்பு. நாசி கண்டார் கடையில் குவா பஞ்ஜிர், அதாவது குழம்பு வெள்ளமாக வேண்டும் என்று சொல்லி வாங்கும்போது பாருங்கள்: தட்டு நிறைந்திருக்கும், வயிறும் நிறைந்துவிடும், ஆனால் அந்தக் குழம்பில் இருப்பது எண்ணெயும் மசாலாவும் சுவையும்தான். புரதம் அந்த ஒரு துண்டில் மட்டும், 12 கிராமோ 15 கிராமோ. வீட்டுச் சாம்பாரும் அப்படித்தான். கரண்டியை மேலாக விட்டு எடுத்தால் புளித்தண்ணீரும் இரண்டு கத்தரிக்காயும் வரும். பருப்பு அடியில் கிடக்கும். அடியிலிருந்து கலக்கி அள்ளுங்கள். முடிந்தால் அம்மாவிடம் சொல்லி, சாம்பாருக்கு வேக வைக்கிற பருப்பில் ஒரு கிண்ணம் கெட்டியாகத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்தால் அந்த ஒரு கிண்ணமே 8, 10 கிராம் கொடுக்கும்.

சோற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. உங்களுக்குச் சோறு வேண்டும், பயிற்சிக்கு வேண்டிய சக்தி அதிலிருந்துதான் வருகிறது. சோறு இருக்கிற அளவிலேயே இருக்கட்டும், பக்கத்தில் இருப்பது இரண்டு மடங்கு ஆகட்டும். கேண்டீனில் ஒரு மீன் எடுக்கிற இடத்தில் ஒரு மீனும் ஒரு பெரிய தௌகுவாவும் (கெட்டியான சோயாக் கட்டி), அல்லது ஒரு மீனும் ஒரு முட்டையும் எடுங்கள். கோழி என்றால் இரண்டு துண்டு. முழு கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) கிடைக்கிற நாளில் அதைத் தயங்காமல் வாங்குங்கள். விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் உள்ள மீன் அது.

மிகப் பெரிய ஓட்டை காலையில்தான் இருக்கிறது. பசியாறாமல் வேலைக்குப் போகிறீர்கள், பத்து மணிக்கு மாவும் கட்டிப்பாலும் உள்ளே போகிறது. ஆறு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்குச் சமைத்துச் சாப்பிட நேரமில்லை என்பது புரிகிறது. முதல் நாள் இரவே நாலு முட்டையை அவித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் இரண்டு முட்டை, இரண்டு துண்டு ரொட்டியில் கனமாகக் கடலை வெண்ணெய், ஒரு வாழைப்பழம், ஒரு குவளை பால். மேசையில் ஐந்து நிமிடம் போதும், அதுவும் முடியாவிட்டால் டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் தொழிற்சாலை வாசலில் சாப்பிடலாம். இதிலேயே 600 கலோரிக்கு மேல், கிட்டத்தட்ட 30 கிராம் புரதம் வந்துவிடுகிறது. காலையில் வயிறு எதையும் ஏற்காது என்பவர்கள் ஒரு வாரம் வாழைப்பழமும் பாலுமாகத் தொடங்கி, அடுத்த வாரம் முட்டையைச் சேர்க்கலாம். பசி என்பதும் ஒரு பழக்கம், நேரத்துக்குக் கொடுக்கக் கொடுக்க நேரத்துக்குக் கேட்கும்.

சாயங்காலப் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ, கூட ஒரு பெட்டிப் பால். இரவு வீட்டில் இரண்டு துண்டு கோழி அல்லது ஒரு சிறிய டின் சார்டின், அதோடு பருப்பு. சார்டினைச் சிலர் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்குகிறார்கள். வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு ஒரு பிரட்டு பிரட்டினால் அதைவிட விரைவாகப் புரதம் தரும் சமையல் எனக்குத் தெரியாது. இவ்வளவையும் சேர்த்தால் உங்கள் கணக்கு 95 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தராசு வாங்கி அளக்க வேண்டாம். மூன்று நாளைக்கு மட்டும் வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். நிறைய சாப்பிடுகிறேன் ஆனால் ஏறவே மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மூன்று நாள் கணக்கிலேயே காரணம் தெரிந்துவிடும்.

இனி பொடி. அந்த டப்பாவின் முன்பக்கத்தில் இருப்பதைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்க்கப்பட்ட பொருள்களில் எது அதிகமோ அது முதலில் எழுதப்பட்டிருக்கும். எடை கூட்டும் பொடிகளில் பெரும்பாலும் முதலில் வருவது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது வேகமாகச் சர்க்கரையாக மாறுகிற மாவுப்பொருள். டப்பாவில் முக்கால் பங்கு வரை அதுவாகவே இருக்கக்கூடும். அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்கிற ஒரு பிள்ளை, 280 வெள்ளி கொடுத்து அதை வாங்கித் தினமும் இரண்டு பெரிய கரண்டி கலக்கிக் குடிப்பதை நான் விரும்பவில்லை. ஒரு முட்டை அரை வெள்ளிக்குள் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் ஐந்நூறு முட்டைக்கு மேல் வாங்கலாம். சாதாரண வே புரதப் பொடி வேறு விஷயம். அது பாலிலிருந்து எடுக்கிற புரதம், ஒரு கரண்டியில் 20, 25 கிராம் இருக்கும். இரவு ஷிப்டில் சாப்பிட எதுவும் கிடைக்காத நேரத்துக்கு உதவும், ஆனால் கட்டாயம் இல்லை. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஒன்றுதான் பொடிகளில் நன்றாக ஆராயப்பட்டு, ஆரோக்கியமானவர்களுக்குப் பயனுள்ளது என்று தெரிந்தது. ஒருநாளைக்கு 3 முதல் 5 கிராம். அதையும் முதல் மூன்று மாதம் சாப்பாடு ஒழுங்குக்கு வந்த பிறகு யோசிக்கலாம்.

அந்த ஹார்மோன் ஊசி வேண்டாம், தம்பி. இதில் யோசிக்க எதுவும் இல்லை. வெளியிலிருந்து ஹார்மோன் உள்ளே போனால் உடம்பு தன் சொந்த ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு குறையும், மார்பில் கட்டி போல வளரலாம், கெட்ட கொழுப்பு ஏறி இதயத்தைப் பாதிக்கும். சிலருக்கு நிறுத்திய பிறகும் பழைய நிலை திரும்ப மாதங்கள், வருடங்கள் ஆகின்றன. 23 வயதில் உங்கள் உடம்பு தானாகவே அந்த ஹார்மோனை நிறையச் சுரக்கிறது, அதற்குச் சாப்பாடும் தூக்கமும்தான் போதவில்லை. மாத்திரையாக யாராவது கொடுத்தாலும் இதே பதில்தான். மலேசியாவில் முறையாகப் பதிவான மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். ஜிம் லாக்கரிலிருந்து கைமாறுகிற புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது.

அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். அவரைத் தவறாக நினைக்க வேண்டாம். பல வருடம் இனிப்பு நீர் இருந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் புரதத்தை அளவோடு வைக்கச் சொல்வார்கள். அவருக்கு மருத்துவர் சொன்னதை அவர் அன்பினால் உங்கள் தட்டுக்கும் பொருத்திப் பார்க்கிறார். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு நான் சொன்ன அளவு கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. ஆனால் உங்கள் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று ஊகத்தில் சொல்ல நான் தயாராக இல்லை, நீங்களும் அப்படி நம்பிவிடாதீர்கள். பக்கத்து அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். குடும்பத்தில் இனிப்பு நீர் இருக்கிறது என்று சொல்லி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை மூன்றையும் கேட்டு எடுங்கள். அண்மையில் காரணமில்லாமல் எடை குறைந்திருந்தால், அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், விடாத இருமல் இப்படி எது இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். ஒல்லியாக இருப்பதற்கு எப்போதும் சாப்பாடு மட்டுமே காரணமாக இருப்பதில்லை.

இதை வற்புறுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 2019-ல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. மற்ற பெரிய இனங்களைவிட நாம்தான் முன்னால் நிற்கிறோம். தெற்காசியர்களுக்குப் பொதுவாக ஒரே எடையில் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கும், பார்க்க ஒல்லியாகத் தெரிந்தாலும். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான். அதனால் நீங்கள் அக்கா கல்யாணத்துக்காகக் கட்டப்போகிற உடம்பு, நாற்பது வயதில் உங்களை இனிப்பு நீரிலிருந்து காக்கப்போகிற உடம்பும்கூட. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அவருடைய மருத்துவரைக் கேட்டுவிட்டு, முடிந்தால் அவரையும் லேசான பளுவுக்கு இழுத்து வாருங்கள்.

பயிற்சியை மாற்ற வேண்டும். ஒருநாளைக்கு ஒரு பாகம் என்பது வருடக்கணக்காகப் பயிற்சி செய்தவர்களுக்குப் பொருந்தும். உங்கள் கடிதத்தில் கால் என்ற சொல்லே வரவில்லை. உடம்பில் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு எடை எங்கிருந்து ஏறும்? ஒவ்வொரு முறையும் முழு உடம்புக்கும் செய்யுங்கள். ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து ஸ்குவாட். டம்பெல்லோடு இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்கிற ருமேனியன் டெட்லிஃப்ட். படுத்துத் தள்ளுகிற பெஞ்ச் பிரஸ். மேலிருந்து இழுக்கிற லாட் புல்டவுன் அல்லது உட்கார்ந்து இழுக்கிற ரோயிங். கடைசியில் தோளுக்கு மேலே தூக்குவது. ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை, இடையில் இரண்டு நிமிட ஓய்வு. கைக்கு ஆசை இருந்தால் முடிவில் இரண்டு செட் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள், இதுதான் முக்கியம். 10 கிலோ டம்பெல்லில் ஸ்குவாட் 8, 8, 7 என்று முதல் நாள் வந்ததை எழுதுங்கள். அடுத்த முறை 9, 8, 8. மூன்று செட்டிலும் 12 வருகிற நாளில் 12 கிலோவுக்குப் போங்கள், எண்ணிக்கை மறுபடி 8-க்கு இறங்கும், திரும்ப ஏற்றுங்கள். ஒவ்வொரு செட்டும் இன்னும் ஒன்றோ இரண்டோ வரும் என்கிற இடத்தில் நிற்கட்டும். பத்துக்குப் பிறகும் பேசிக்கொண்டே தூக்க முடிகிறது என்றால் பளு போதாது. முதுகு வளைகிறது, முட்டி உள்ளே போகிறது என்றால் பளு அதிகம். கண்ணாடியை நம்புவதைவிட, நண்பரைப் பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் தசை வலிப்பது இயல்பு, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கறுப்புக் கோப்பி நிறத்தில் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் ஷிப்டுக்கு வாரக்கணக்கு சரிப்படாது. ஆறு நாள் சுற்றில் இரண்டு முறை போதும்: ஓய்வின் முதல் நாள் ஒன்று, வேலை தொடங்கிய இரண்டாம் நாள் ஒன்று. நடுவில் போதிய இடைவெளி கிடைக்கும். தசை வளர்வது ஜிம்முக்கு வெளியே, சாப்பிடும்போதும் தூங்கும்போதும். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு நேரே ஜிம்முக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு பளு தூக்குவதும் ஆபத்து, அதற்குப் பிறகு களைத்துப்போய் மோட்டாரில் பாலம் தாண்டுவது அதைவிட ஆபத்து. வீட்டுக்கு வந்து லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலைக் கனமான துணியால் மறைத்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்து ஏழு மணி நேரம் தூங்குங்கள். மூன்று மணி போல எழுந்து சாப்பிட்டு, நாலரைக்கு ஜிம், அப்புறம் வேலை. இரவு ஷிப்டிலும் சாப்பாடு மூன்று வேளைதான், கடிகாரம் மட்டும் மாறுகிறது. நடு இரவுக்கு வீட்டிலிருந்தே சோறும் கோழியும் கட்டிக்கொண்டு போங்கள். மெஷினில் வாங்குகிற இனிப்புக் கோப்பியை அதிகாலை மூன்று மணிக்கு மேல் தொடாதீர்கள், காலைத் தூக்கம் கெடும்.

என்ன எதிர்பார்க்கலாம்? முதல் மாதம் பளு ஏறும், உருவம் அவ்வளவாக மாறாது. நரம்புகள் தசையை வேலைவாங்கக் கற்றுக்கொள்கிற காலம் அது, பலர் இங்கேதான் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டீர்கள். மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ ஏறினால் நல்ல வேகம். அதில் கொஞ்சம் கொழுப்பும் நீரும் இருக்கும், பரவாயில்லை. வாரம் ஒருமுறை காலையில், சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். இரண்டு வாரம் அசையவே இல்லை என்றால் ஒரு குவளை பாலும் ஒரு கைப்பிடி கடலையும் கூட்டுங்கள். கல்யாணத்துக்கு 60 கிலோவைத் தொட நிறையவே வாய்ப்பு இருக்கிறது. சட்டையை மட்டும் இப்போதே தைக்கக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக விரதம். செவ்வாய், வெள்ளி சைவம் இருக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும். பால், தயிர், கெட்டிப் பருப்பு, கொண்டைக்கடலை, தௌகுவா, தெம்பே (புளிக்க வைத்த சோயா) இவற்றை வைத்தே ஒருநாளைக்கு 80 கிராமைத் தொட முடியும். தெம்பே நூறு கிராமில் கிட்டத்தட்ட 19 கிராம் புரதம். அதைப் பொடியாக நறுக்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு மொறுமொறுவென்று வறுத்தால் அம்மாவின் சமையலோடு அழகாகச் சேரும். 48 நாளும் இப்படிச் சாப்பிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தால் எதுவும் கரையாது. நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதம் என்றால் செட்டுகளைப் பாதியாக்குங்கள், ஆனால் பளுவைக் குறைக்காதீர்கள். கிடைத்த தசையைக் காப்பாற்ற அது போதும். எடை ஒன்றிரண்டு கிலோ இறங்கினாலும் விரதம் முடிந்து சில வாரத்தில் திரும்பிவிடும். அந்த ஒருவேளைச் சாப்பாட்டில் பருப்பும் தயிரும் முன்னால் வரட்டும், பாயசம் பின்னால் வரட்டும். தைப்பூசத்துக்கு முந்தைய மூன்று நாள் கால் பயிற்சி வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர்மலைப் படிகள் ஐந்நூற்றுக்கு மேல், காவடியோடு ஏற உங்களுக்கு வலியில்லாத தொடை வேண்டும்.